விதைத்த வயலில் களை: கொழும்பில் இருந்து வயல் செய்விப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னியிலும் மன்னாரிலும் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறேன். வயலை விட்டு வந்தாலும் வயற்கேள்விகள் என்னை விடவில்லை. கோயில் வாசலில், மருந்துக்கடை வரிசையில், கிளிநொச்சிக்குப் போகும் இரவு பஸ்சுக்குக் காத்து நிற்கையில் யாராவது போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். "ஐயா, இதென்ன புல்லு? என்ன மருந்து அடிக்கச் சொல்ல?" காணி பரந்தனில், முருங்கனில், உன்னிச்சையில், சம்மாந்துறையில் இருக்கும். கேட்பவர் கொழும்பில் இருப்பார். நடுவில் ஒரு குத்தகைக்காரர் அல்லது தம்பிமுறை ஒருவர்.

ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். எல்லோரும் மருந்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது "விதைச்சு இண்டைக்கு எத்தினையாம் நாள்?" என்பதை. பலருக்குப் பதில் தெரிவதில்லை.

"படத்தில எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. எது நெல், எது புல் எண்டு எப்பிடி ஐயா பிரிக்கிறது?"

வயல் முழுவதையும் எடுத்த படத்தில் எனக்கும் தெரியாது. ஒரு செடியை வேரோடு பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து, இலை தண்டைத் தழுவும் இடத்தைக் கிட்ட எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நெல்லில் அந்த மூட்டில் வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்குப் போல நிற்கும். இரு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காதுகள் தண்டைப் பிடித்திருக்கும். நெல்லைப் போலத் தோன்றும் களைப்புற்களான நெற்சப்பியிலும் கோழிச்சூடனிலும் சவ்வும் இல்லை, காதும் இல்லை. மூட்டு வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். பத்து நாள் பயிரிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

கோரையைக் கண்டுபிடிக்கக் கண்ணே தேவையில்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் மூன்று மூலை கையில் தட்டுப்படும். மூன்றாவது கூட்டம் ஆரை போன்ற அகன்ற இலைக் களைகள். புல், கோரை, அகன்ற இலை என்ற இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் முதலில் படம் கேட்கிறேன். நான்காவதாக, நெல்லினத்திலேயே களையான பன்றிநெல் இருக்கிறது. அது இந்தச் சோதனைக்கு அகப்படாது, கீழே தனியாகச் சொல்கிறேன்.

"அம்மம்மா காலத்தில வயல் இப்பிடிக் கிடக்கேல்லையே. விதைக்கிறதாலயோ இந்தப் புல்லு?"

பெரும்பகுதி அதனால்தான். நாற்று நடும்போது நெல்லுக்கு மூன்று கிழமை வயது. களை விதை முளைக்கும் நேரத்தில் நெல் ஒரு சாண் உயரத்தில், காலடியில் தண்ணீரோடு நிற்கும். விதைக்கும்போது நெல்லும் களையும் ஒரே நாளில் புறப்படுகின்றன. அதோடு நெல் முளைக்கட்டும் என்று வயலை வடியவும் விடுகிறோம். களை விதை முளைக்கவும் அதே ஈரமும் வெளிச்சமும்தான் வேண்டும்.

அதற்காக எல்லோரையும் நடச் சொல்ல முடியாது. இலங்கையில் இன்று வயல்களில் பெரும்பாலானவை விதைப்புத்தான், நடுகைக்கு ஆளும் கூலியும் கட்டுவதில்லை. நட்ட காலத்தில் நாற்றும் தண்ணீரும் செய்த வேலையை இப்போது உழவும் வயலை மட்டப்படுத்துவதும் நாட்கணக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

"எத்தினை நாளுக்குள்ள களையை அடக்க வேணும்?"

முதல் நாற்பது நாள். அதிலும் முதல் இருபது நாள் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். நெல் கிளை வெடித்து இலை மூடிய பிறகு முளைக்கும் களை நிழலில் ஒடுங்கிவிடும். ஐம்பதாம் நாளில் புல் கதிர் தள்ளிய படத்தை அனுப்பி மருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: இந்தப் போகத்துக்குச் சேதம் நடந்துவிட்டது, காசை மருந்தில் போடாதீர்கள். விதை கொட்டுமுன் கதிரை அறுத்து எடுப்பியுங்கள். ஒரு நெற்சப்பிச் செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும், அது அடுத்த போகத்துக்கான கணக்கு.

"ரெண்டு உழவு போதாதோ? மூண்டாம் உழவுக்கும் காசு கேக்கிறான்."

உழவின் எண்ணிக்கையை விட உழவுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் முக்கியம். திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று என்று மூன்று உழவு அடித்தால் மண் கரையும், களை குறையாது. முதல் மழைக்கு அல்லது முதல் தண்ணீருக்கு ஒரு உழவு. பிறகு பத்துப் பதினான்கு நாள் வயலை ஈரமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். மேல்மண்ணில் கிடக்கும் களை விதை முளைத்துப் பச்சையாக எழும்பும். வெளியில் நிற்பவர்கள் "வயலைப் பராமரிக்காமல் விட்டிருக்கிறான்" என்பார்கள். அந்தப் பச்சையைத்தான் இரண்டாம் உழவில் புரட்டிச் சேற்றுக்குள் அமுக்குகிறோம். அந்தக் களை நெல்லோடு போட்டியிட வராது. காலம் இருந்தால் இன்னொரு தடவை இதையே செய்யலாம்.

கடைசி உழவு ஆழமாகப் போகக் கூடாது. களை விதைகளில் அனேகம் மேல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்குள் கிடந்தால்தான் முளைக்கும். ஆழ உழுதால் முன்பு புதைத்த விதையை நாமே மேலே கொண்டுவந்து வைக்கிறோம். இத்தனை நாள் காத்திருக்கக் குளத்துத் தண்ணீர் இடம் தராது என்று இரணைமடுப் பக்கத்தில் சொல்வார்கள். சிறுபோகத்தில் அது உண்மை. பெரும்போகத்தில் மழையை நம்பி முதல் உழவை முன்னதாக அடித்தால் நாள் கிடைக்கும்.

"ரொட்டவேற்றர் அடிச்சா மண் மாவாப் போகும், வேற ஒண்டும் தேவையில்லை எண்டு சொல்லுறாங்கள்."

விதையால் மட்டும் பரவும் ஆண்டுக்களைக்கு அது பரவாயில்லை. அறுகும் கோரைக்கிழங்கும் உள்ள காணியில் முதல் வேலையாக ரொட்டவேற்றர் அடித்தால் தண்டையும் கிழங்கையும் துண்டு துண்டாக வெட்டி நட்டுவிட்ட மாதிரி. அங்கே காய்ந்த காலத்தில் கலப்பையால் புரட்டி, வேரும் கிழங்கும் வெயிலில் காயக் கிடக்க விட வேண்டும்.

ரொட்டவேற்றரை விட, பலகை அடித்து வயலை மட்டமாக்குவதில் கவனம் வையுங்கள். பலகை அடித்து முடிந்ததும் தண்ணீர் நிற்கும் நிலையில் ஒரு படம் கேளுங்கள். அதில் எங்கெல்லாம் மண் திட்டி வெளியே தெரிகிறதோ, அங்கெல்லாம் ஒரு மாதத்தில் நெற்சப்பி நிற்கும். பள்ளத்தில் நெல் அழுகும். இரண்டு திட்டியைக் கரைத்துப் பள்ளத்தை நிரப்ப ஓர் ஆளின் அரைநாள் போதும். அந்த அரைநாளுக்குக் காசு கொடுக்கத் தயங்கிவிட்டு, பிறகு மருந்துக்குக் கொடுப்பவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

"தண்ணி நிண்டா களை வராது தானே? அப்ப விதைச்ச அண்டைக்கே தண்ணி கட்டினா என்ன?"

நெல்லும் வராது. முளை நெல்லுக்கு மூச்சு வேண்டும். தண்ணீருக்கு அடியில் கிடந்தால் பெரும்பாலான நெல்லினங்கள் வேர் பிடிக்காமல் அழுகும். நெற்சப்பி இந்த விஷயத்தில் நெல்லை விடக் கெட்டிக்காரி.

விதைத்த பின் மண் சேறாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், பயிர் எழும்பி நின்றதும் மெல்லிய தண்ணீர் விட்டு, பயிர் உயர உயர ஐந்து சென்ரிமீற்றர் வரை ஏற்றுங்கள். அதன் பிறகு வயலை வெடிக்க விடாதீர்கள். ஒரு தடவை காய்ந்து வெடித்தால் அந்த வெடிப்போடு அடுத்த தொகுதிக் களை முளைத்து வரும். மேலே சொன்னபடி வயல் மட்டமாக இல்லாமல் இது எதுவும் நடக்காது.

"எங்கட பக்கம் புழுதி விதைப்பு. தண்ணியே இல்லை, நாங்கள் என்ன செய்யிறது?"

மானாவாரியில் மழைக்கு முன் புழுதியில் விதைப்பவர்களுக்குக் களை இன்னும் கடினம். தண்ணீரைக் கொண்டு அமுக்க முடியாது. வயற்களையோடு மேட்டுநிலக் களையும் சேர்ந்து வரும். உங்களுக்கு இரண்டு ஆயுதம். ஒன்று, முதல் மழையில் முளைத்ததை உழுது அழித்துவிட்டு அடுத்த ஈரத்துக்கு விதைப்பது. முதல் மழைக்கே விதைத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் பல காணிகளைக் கெடுக்கிறது. மற்றது, விதைத்து மண்மூடி, மண் ஈரமாக உள்ளபோது, முளை வெளியே தெரியுமுன் அடிக்கும் பென்டிமெத்தலின் போன்ற மருந்து. காய்ந்த புழுதியில் அது வேலை செய்யாது. மண்மூடாமல் மேலே கிடக்கும் நெல்லையும் அது தாக்கும்.

"சணல் போட்டா களை குறையுமாமே? உரத்துக்குத்தானே அது?"

இரண்டுக்கும்தான். யாழ்ப்பாணத்து வயல்களில் அரிவி வெட்டியபின் சணல் எறிவது பழைய வழக்கம். பசளை என்று நினைத்துத்தான் செய்தார்கள், ஆனால் அது களைக்கும் வேலை செய்தது. நெருக்கமாக விதைத்த சணல் ஒரு மாதத்தில் தரையை மூடிவிடும். கீழே முளைக்கும் புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது, விதை கட்டாது. வெறுமையாகக் கிடக்கும் வயலோ போகங்களுக்கு நடுவில் களையை வளர்த்து விதையும் கொட்டவிடும். நாற்பது ஐம்பது நாளில், தண்டு முற்றுமுன் மடக்கி உழுது, பத்து நாளாவது அழுக விட்டு விதையுங்கள்.

தண்ணீர் தேங்கும் களிமண்ணில் சணல் பிழைக்காது. அங்கே தக்கைப்பூண்டு சரி. இந்தியாவில் புழுதி விதைப்பு நெல்லோடு தக்கைப்பூண்டையும் சேர்த்து விதைத்து, இருபத்தைந்து முப்பது நாளில் அகன்ற இலைகளை மட்டும் கொல்லும் மருந்தால் அதைச் சாகவைத்து, காய்ந்த இலை தரையை மூடக் கிடக்க விடுகிறார்கள். செய்து பார்க்க விரும்பினால் கால் ஏக்கரில் தொடங்குங்கள்.

ஈரம் மிஞ்சினால் என் விருப்பம் பயறுதான். எழுபது நாளுக்குள் கைக்குக் காசு தரும். குத்தகைக்காரரும் மனமுவந்து செய்வார். சணலுக்கு அவரைச் சம்மதிக்க வைப்பது கஷ்டம், அவருக்கு அதில் அந்த வருடமே வரும் இலாபம் தெரியாது. உழவுக் கூலியைக் காணிக்காரர் ஏற்றால் நியாயம்.

"நெல்லைக் கூட எறிஞ்சா களைக்கு இடமில்லாமப் போகாதோ?"

ஓரளவுக்குத்தான். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது ஏறத்தாழ 42 கிலோ, நல்ல விதைக்குப் போதும். நான்கு புசல் எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிர் நெருங்கி, தண்டு மெலிந்து, காற்றுக்குச் சாயும். அடியில் காற்றோட்டம் இல்லாமல் அறக்கொட்டி குடியேறும். களைக்குக் கொடுக்காத காசைப் பூச்சிக்குக் கொடுப்பீர்கள்.

"சரி ஐயா, எந்த மருந்துதான் நல்லது?"

இப்போது நாளைச் சொல்லுங்கள். சேற்று விதைப்பில் முதல் மூன்று நான்கு நாளுக்குள் என்றால் பிரெட்டிலகுளோர். நெல்லைக் காக்கும் பென்குளோரிம் சேர்ந்த தயாரிப்புத்தானா என்று லேபலில் பாருங்கள். அந்தக் காப்பை நெல் வேரால் உறிஞ்சுகிறது, அதனால் விதை நன்றாக முளை கட்டியிருக்க வேண்டும். அடிக்கும்போது மண் ஈரம், தண்ணீர் தேக்கம் இல்லை.

பத்தாம் நாளிலிருந்து பதினைந்து, பிந்தினால் இருபதாம் நாளுக்குள், களை இரண்டு முதல் நாலு இலையில் நிற்கும்போது பிஸ்பைரிபக் சோடியம். நெற்சப்பி, சில கோரை, சில அகன்ற இலை எல்லாவற்றையும் அது பிடிக்கும். மெல்லிய கதிர் உள்ள லெப்டோகுளோவாப் புல்லை மட்டும் சரியாகப் பிடிக்காது. அதற்கும் நெற்சப்பிக்கும் சைகலோபொப் உண்டு, ஆனால் அது கோரையைத் தொடாது. கோரையும் அகன்ற இலையும் மட்டும் மிஞ்சினால் மூன்று நான்கு கிழமையில் எம்சிபிஏ. புல்லுக்கு எம்சிபிஏ அடித்துவிட்டு "மருந்து போலி" என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். முதற் கேள்வியில் படம் கேட்டது இதற்காகத்தான்.

முளைத்த களைக்கு அடிக்குமுன் தண்ணீரை வடித்து இலை வெளியே தெரிய வேண்டும். அடித்து இரண்டு மூன்று நாளுக்குள் திரும்பத் தண்ணீர் ஏற்ற வேண்டும். பாதித் தோல்விகள் இங்கேதான். அளவு, நாள் எல்லாம் லேபலில் உள்ளபடிதான், என் எழுத்தை விட அது பெரிது. சந்தேகமிருந்தால் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரைப் பிடியுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள்.

"ஏக்கருக்கு எத்தினை டாங்கி அடிக்க வேணும்? ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்கள்."

அடிப்பவரின் நடைக்கும் குழாய் வாய்க்கும் ஏற்ப மாறும். வெறும் தண்ணீரை ஊற்றி, பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் சதுரத்தில் அவரது வழக்கமான நடையில் அடிக்கச் சொல்லுங்கள். மூன்றரை லீற்றர் போனது என்றால், ஏக்கருக்கு நாற்பது சதுரம், ஆக 140 லீற்றர். பதினாறு லீற்றர் டாங்கியில் ஒன்பது. லேபல் சொல்லும் ஏக்கர் அளவை ஒன்பதாகப் பிரியுங்கள். ஐந்து டாங்கியோடு "ஏக்கர் முடிஞ்சுது" என்று சொன்னால், எங்கோ களை தப்பியிருக்கிறது அல்லது நெல் கருகப் போகிறது.

"போன போகம் கேட்ட மருந்து இந்தப் போகம் கேக்கேல்ல. அளவைக் கூட்டி அடிக்கச் சொல்லட்டோ?"

வேண்டாம். முதலில் நாளையும் தண்ணீரையும் விசாரியுங்கள். களை ஐந்து ஆறு இலைக்குப் போய்விட்டதா? அடித்து ஒரு மணித்தியாலத்தில் மழை பெய்ததா? அவை சரியாக இருந்தும், பக்கத்துப் பக்கத்தில் ஒரு நெற்சப்பி செத்து ஒன்று பச்சையாக நின்றால் எதிர்ப்பு வந்திருக்கலாம்.

இது இந்த நாட்டில் ஏற்கெனவே நடந்தது. புரோபனில் என்ற களைநாசினியைப் போகம் போகமாக அடித்தோம். நெல் அதைத் தாங்குவது, தன் உடலில் உள்ள ஒரு நொதியால் மருந்தை உடைத்துவிடுவதால். அதே நொதி கூடுதலாக இருந்த நெற்சப்பிகள் தப்பின, அவற்றின் விதைதான் அடுத்த போகம் முளைத்தது. கடைசியில் நெல்லைப் போலவே களையும் புரோபனிலுக்கு அசையாமல் நின்றது. இன்று பிஸ்பைரிபக்கிலும் அதே வழியில் போகிறோம். பெயரை மாற்றினால் போதாது: பிஸ்பைரிபக்கும் பெனொக்சுலம் என்ற மருந்தும் களையை ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன. சைகலோபொப் வேறு இடத்தில் அடிக்கிறது. போகத்துக்குப் போகம் அடிக்கும் இடத்தை மாற்றுங்கள். மருந்தடித்தும் தப்பிய செடிகளைக் கையால் பிடுங்குவியுங்கள். அளவைக் கூட்டினால் தப்பியவற்றில் மிகப் பலமானதைத் தெரிந்தெடுத்து வளர்த்ததாகிவிடும்.

"ரெண்டு மருந்தையும் ஒண்டாக் கலந்தா ஒரு நாள் கூலி மிச்சம் எண்டு சொல்லுறான்."

லேபலில் கலக்கலாம் என்று இல்லாவிட்டால் கலக்க வேண்டாம். சைகலோபொப்போடு எம்சிபிஏ சேர்ந்தால் புல் சாகும் வலு குறைகிறது. களைநாசினியோடு பூச்சிமருந்தைச் சேர்ப்பது அதைவிட மோசம். புரோபனில் காலத்தில் சில பூச்சிமருந்துகள் மேலே சொன்ன நொதியை நிறுத்திவிட, நெல்லே கருகியது.

"சேர், எங்கட வயல்ல பன்றிநெல் வந்திட்டு. மருந்து இல்லையா?"

சம்மாந்துறையில் காணி உள்ள ஒருவர் கொட்டாஞ்சேனையில் வைத்துக் கேட்டது. நெல்லைக் கொல்லாமல் பன்றிநெல்லை மட்டும் கொல்ல நம்மிடம் மருந்து இல்லை. அதுவும் நெல்தான், மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. 1990களில் அம்பாறைப் பக்கம் கண்டபோது பலர் பெரிதாக எடுக்கவில்லை. இன்று பல மாவட்டங்களில் உண்டு. கதிர் வரும்வரை பிரித்தறிவது கடினம். பிறகு பயிருக்கு மேலே நீட்டி நிற்கும், சிலதில் நீண்ட கூர் இருக்கும். நம் நெல் விளையுமுன் தன் மணியைக் கொட்டிவிடும். கையில் ஒரு மணியைத் தோலுரித்தால் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும்.

என் தம்பியின் வயலுக்கு அது வந்தது வெட்டும் மெசினோடு. முதல் நாள் வேறொரு வயலில் வெட்டிவிட்டு, துடைக்காமல் வரம்பேறி வந்தது. அடுத்த போகம் மெசின் இறங்கிய மூலையில் மட்டும் பத்துப் பதினைந்து கதிர். தம்பி "இதென்ன பெரிய விஷயம்" என்றான். நானும் அன்று இறங்கிப் பிடுங்கவில்லை. மூன்றாம் போகம் அரை ஏக்கர்.

செய்ய வேண்டியது: உறுதிப்படுத்தப்பட்ட விதை நெல். மெசின் காணிக்குள் இறங்குமுன் நின்று துடைப்பித்தல். வெட்டியபின் உடனே உழாமல் விடுதல், மேலே கிடக்கும் மணியைப் பறவையும் எறும்பும் தின்னும், உழுதால் அது புதைந்து வருடக்கணக்கில் உறங்கும். பிறகு முன்னர் சொன்ன முளைக்கவிட்டு அழிக்கும் உழவு, இங்கே கட்டாயம் இரண்டு தரம். ஒரு சிறுபோகம் பயறு. மிகவும் பரவியிருந்தால் இரண்டு போகமாவது பரசூட் முறையில், அதாவது தட்டில் வளர்த்த நாற்றை எடுத்து வயலில் எறியுங்கள். வயதான நாற்றும் நிற்கும் தண்ணீரும் இருந்தால் இடையில் முளைப்பது தெளிவாகத் தெரியும், பிடுங்கலாம்.

"கிளைபோசேட் திரும்ப வந்திட்டுது. உழவைக் குறைச்சு அதை அடிக்கலாமோ?"

2015இல் தடை வந்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்ந்தது, 2022இல் நீக்கப்பட்டது. வயலில் பயன்படுத்துவது பற்றி அந்த நேரத்தில் நடைமுறையில் உள்ள விதியை போதனாசிரியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அது பச்சை இலை வழியாக மட்டும் கொல்லும், மண்ணில் உள்ள விதையைத் தொடாது. சேற்றுத் தண்ணீரில் கலக்கினால் மண் துகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், களைக்குப் போய்ச் சேராது. உழவால் புரட்ட முடிந்த இளங்களைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

"மருந்தே இல்லாமச் செய்ய ஏலாதோ?"

ஏலும், காணி சின்னதாகவும் ஆள் கையோடும் இருந்தால். வீசி விதைத்த வயலில் ஆள் இறங்கிக் களை பிடுங்குவது மிகக் கஷ்டம், காலடியில் நெல் மிதிபடும். உருளை விதைப்பானால் வரிசையாக விதைத்தால் நடுவில் தள்ளுகளை கருவி ஓட்டலாம். 2021இல் அரசாங்கம் இரசாயன உரம், மருந்துகளின் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, சில மாதங்களில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றது. மட்டம், தண்ணீர், சணல், வரிசை என்று இரண்டு மூன்று வருடம் பழகிய வயலுக்கு மருந்தைக் குறைக்க முடியும், பழகாத வயலில் ஒரே போகத்தில் நிறுத்த முடியாது.

"ஹோமாகமப் பக்கம் கைவிட்ட வயல் ஒண்டு வாங்கினம். உழுதவுடன விதைக்கலாமோ?"

முதல் போகம் விதைக்காதீர்கள். வருடக்கணக்கில் கிடந்த ஈரவலய வயலில் உயர்ந்த கோரையும் புல்லும் கிழங்காலும் வேராலும் பிடித்திருக்கும். அடைபட்ட வாய்க்காலை முதலில் திறந்து வடியவிடுங்கள். தண்ணீர் வடியாமல் எந்த உழவும் பிடிக்காது. பிறகு வெட்டி, புரட்டி, முளைக்கவிட்டு, திரும்பப் புரட்டி, முதல் பயிரை நாற்றாக நடுங்கள்.

"மருந்தடிக்கிற பொடியன் கையுறை போட மாட்டானாம். நான் கொழும்பில இருந்து என்ன செய்ய?"

கையுறையும் முகக்கவசமும் நீங்களே வாங்கி பஸ்சில் அனுப்புங்கள். கூலி பேசும்போதே காலை வேளையில் மட்டும் என்று பேசுங்கள், காற்று எழும்பினால் அடிக்காமல் விட்டாலும் அரைநாள் கூலி உண்டு என்று சொல்லுங்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் அவன் காற்றுக்குள் அடிக்கிறான். எம்சிபிஏ காற்றில் போய்ப் பக்கத்துத் தோட்டத்துக் கத்தரி இலை நூல் போல முறுகியதை ஒரு அம்மா எனக்குப் பிடுங்கிக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் போகம் அவருக்கு ஒரு காய் கிடைக்கவில்லை.

வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை டாங்கியிலேயே ஊற்றி, போத்தலின் அடியைக் குத்திப் போடச் சொல்லுங்கள். டாங்கியை வாய்க்காலில் கழுவ வேண்டாம், கீழே யாரோ அதில் குளிக்கிறார்கள்.